குடும்பத் தலைவர் யாரு?

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதிச் சங்கத்தில் ரேஷன் அட்டைக்கு மனு எழுதித் தருகிறேன். ஸ்டாம்ப் பேடைத் திறந்தால் அம்மாவின் தலைமுடி நினைவுக்கு வரும். கைநாட்டு வைத்த மையை அதில்தான் துடைப்பாள்.

நான் நாலாவது படித்தபோது, இதே சங்கத்து அக்கா அம்மாவிடம் குடும்பத் தலைவர் யாரென்று கேட்டார். எங்களை விட்டுப் போய்விட்ட அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"அவரு எங்க கீறாரு?"

"வந்துடுவாரு. நீ எழுதிக்கோ."

அப்பாவின் கையெழுத்தில்லாமல் மனு திரும்பிவந்தது. அந்த வருஷம் பள்ளிக்கூடச் சத்துணவுதான் எனக்குச் சாப்பாடு. அம்மா என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது எதிரே இருக்கும் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். வாசலைப் பார்த்துக்கொண்டே, "வந்துடுவாருக்கா" என்கிறாள்.

"வரட்டும், வந்தா சேத்துக்கலாம். உன் பேரு இன்னா?"