தாளிப்பில் போன விறகடுப்பு

இன்றைக்கு வெஸ்ட்கேட் அடுப்புக் கடையில், புது வீட்டில் வைத்துக் குளிர்காய அடுப்பு பார்த்தோம். விறகு எரிவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை.

கடைக்காரர் கேட்டார்: "புது வீடுன்னா, குளிர் வராம இருக்கக் காத்தே புகாதபடி கட்டியிருப்பாங்க. சமையலறைக் காத்தை வெளியே தள்ளுற ஃபேன் ஓடினா, அந்த இழுப்புல விறகுப் புகை உள்ளே திரும்பிடும். ஃபேன் அடிக்கடி போடுவீங்களா?"

"எப்பவாவதுதான்" என்றார் இவர், கூசாமல்.

"ஏங்க, நான் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் இருமிக்கிட்டே 'ஃபேனைப் போடுடி'ன்னு கத்துறது யாரு?"

கடைக்காரர் உடனே, வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு, விறகுக்குப் பதில் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பைக் காட்டினார். இவர் முகம் தொங்கிப்போனது.

"சரி, விறகடுப்பே வாங்குவோம். இனிமே தாளிக்காத சாம்பார்தான், சம்மதமா?"

மனுஷன் விறகடுப்பை ஒருமுறை தடவிக்கொடுத்தார். "பெல்லட்டே குடுங்க" என்றார்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கமெண்டில் வரிசையாக வரவும்.