வெள்ளை விளக்கு கட்டாத வீடு

தோகியே பதினெட்டு வயதில் மணமாகி அந்தக் கடற்கரை ஊருக்கு வந்தவள். நாற்பதாண்டுகளாகக் கடற்பாசி அவிக்கும் கொட்டகையில் நின்று, ஆவியில் வெந்து சிவந்த கைகளால் தன் ஒரே மகன் கனமேயை வளர்த்தாள். சென்ற நவம்பரில் அவன் போன மீன்படகு கவிழ்ந்தது. மூவருடைய உடல்கள் கரை சேர்ந்தன, கனமே சேரவில்லை. வெறும் சவப்பெட்டிக்கு முன் ஊரார் தூபமிட்டுக் கைகூப்பியபோது, அவள் அடுக்களையில் அவனுக்கும் சேர்த்தே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஆகஸ்டு பிறந்தது. இறந்தோர் இல்லம் திரும்பும் ஓபொன் திருநாளின் முதல் மாலை வந்தது. தெருவெங்கும் வாசலில் சணல் தட்டை அடுக்கி, அவர்களுக்கு வழிகாட்டும் வரவேற்புத் தீ மூட்டத் தொடங்கினர். ஆண்டுக்குள் இறந்தவருக்கு முதல் ஓபொன்னில் இறவாரத்தில் வெள்ளைக் காகித விளக்கும் தொங்கவேண்டும். கணவன் யசுஜி வாங்கிவந்த விளக்கை அவள் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நாத்தனார் மிசாவோ படியேறினாள்.

"என்ன அண்ணி, வாசல் இருட்டாக் கெடக்கு? எங்க அப்பா அம்மாவும் வெளியிலயே நிக்கணுமா?"

"அவங்களுக்கு மூட்டறேன். உசுரோட இருக்கற பிள்ளைக்கு வெள்ள விளக்கு கட்டமாட்டேன்."

"சரி, கட்டாதீங்க. ஒருவேள அவன் செத்துப்போயிருந்தா? ஊரு மொத்தமும் விளக்கு எரியுது. கூடப் போன மூணு பேரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள போயிடுவாங்க. இவன் மட்டும் நமக்குத்தான் வீடே இல்லபோலன்னு கடலுக்கே திரும்பிப் போவான்."

தோகியேவின் முகம் வெளிறியது. இத்தனை மாதமும் அவன் உயிரைக் காப்பதாய் எண்ணி, அவன் வழியையே அடைத்தோமோ என்னும் அச்சம் அவள் நெஞ்சைப் பற்றியது. எழுந்தாள், அலமாரியைத் திறந்தாள், விளக்கை யசுஜியின் கையில் வைத்தாள்.

அவர் முக்காலிமேல் ஏறினார். கொக்கி இருமுறை தவறியது. தோகியே முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அவன் உசுரோட வந்து இதப் பாத்தா?"

"பாத்தா வாய்க்கு வந்தபடி திட்டுவான். திட்டட்டுமே, தோகியே. கேக்கறதுக்குக் குடுத்துவெச்சிருக்கணும்."

விளக்கு ஏற்றப்பட்டது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் குந்தித் தட்டைகளை அடுக்கி, முதல் தீக்குச்சியைக் கிழித்தாள். கடற்காற்று அதை அணைத்தது. இன்னொன்றைக் கிழித்தாள்.