குதைபியாவில் மாட்டுப் பொங்கல்

என் வீட்டுக்காரர் கல்யாணசுந்தரம் உட்கார்ந்து காபி குடித்து ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அரபு நாட்டில், மனாமா நகரத்தில் ஒரு கம்பெனியில் பிளான் வரைகிற வேலை. வரைகிற பலகைக்கு முன்னால் ஸ்டூலில் ஐந்து வருஷம் எப்படி உட்கார்ந்தாரோ! எழுபத்தைந்து ஜனவரியில் அவருடைய பரபரப்பு இன்னும் மோசம். மாசக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கிற கடிதத்தில் மேனேஜர் டெய்லர் கையெழுத்துப் போடாவிட்டால் கும்பகோணத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவரோ லீவில் இங்கிலாந்து போயிருந்தார்.

தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று போகும்போது வர்ணம் தீட்டின ஒரு பெரிய படத்தை எங்களிடம் விட்டுப்போனார். நூறு வருஷத்துக்கு முன் அவருடைய கொள்ளுத்தாத்தா வளர்த்த பசுவாம். பீரோவுக்குக் கட்டில் கால் வைத்தது மாதிரி உடம்பு. பக்கத்தில் உயரத் தொப்பியோடு தாத்தா. செவலைப் பசு, நெற்றி மட்டும் வெள்ளை.

மாட்டுப் பொங்கல் வந்தது. நாங்கள் குடியிருந்த குதைபியாவில் மாட்டுக்கு நான் எங்கே போவேன்? படத்துக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் வைத்து, கற்பூரம் காட்டி, குங்குமத்தைக் குழைத்துப் பசுவின் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டேன்.

டூட்டி முடிந்து வந்தவர் அலறினார். "என் வேலைக்கே உலை வச்சிட்டியேடி!"

ஒரு வாரம் பஞ்சும் தேங்காயெண்ணெயுமாகப் போராடினார். பொட்டு இன்னும் பளபளத்தது. குட்டி போட்ட பூனையாக ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார். எனக்கும் பயம்தான்.

டெய்லர் வந்தார். இவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இதையா கும்பிட்டீர்கள்? மாட்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கின மறுவாரமே கசாப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தை எங்கள் குடும்பத்தில் இன்னும் பேசுவார்கள்!" என்னுடைய பள்ளிக்கூட இங்கிலீஷுக்கே அது நன்றாகப் புரிந்தது. நான் பொங்கல் படைத்த பசுவையா தின்றார்கள்!

சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் பொட்டைத் துடைக்கப் போனார்.

"துடைக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன்.

"சுசீலா, அவர் இன்னும் கையெழுத்துப் போடலை."

"சொல்லுங்க."

இவர் பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று மேனேஜரின் கையைப் பிடித்துவிட்டார். "பிளீஸ் சார், அது அப்படியே இருக்கட்டும்."

டெய்லரின் சிரிப்பு நின்றது. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு படத்தோடு போனார்.

கையெழுத்தோடு கடிதம் நாலு நாள் கழித்து வந்தது. அதைச் சொல்ல ஓடி வந்தவர் நின்றபடியேதான் காபி குடித்தார். ஆனால் வருமா வராதா என்று தெரியாத அன்றைக்கு, டெய்லர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காபி கொண்டா," என்றார். கடைசிச் சொட்டு வரை எழுந்திருக்கவே இல்லை.