ஆமையோடு கதைத்த கிழமை

பெரிய கம்பெனிகள் செய்கிற கேம்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, பிள்ளைகளே. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது சின்னக் கேம்களைப் பற்றி. ஒரு ஆளோ இரண்டு பேரோ வீட்டிலிருந்தபடி செய்து, இணையத்தில் போட்டுவிட்டு, யாராவது விளையாடுவார்களா என்று காத்திருப்பார்களே, அந்தக் கேம்கள்.

நான் அலுமினிய ஜன்னல் பொருத்துகிறவன். சாதாரண தரப் பரீட்சையோடு, பதினோராம் வகுப்பில், படிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் விடை கேட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை. அதை முதலில் கேட்டவர் கல்முனைக்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற காக்கா; அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். என் போனைத் திருத்திவிட்டு, திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கேமைப் போட்டார். ஒரு பெட்டி, அதற்குள் மழை பெய்கிறது. அவ்வளவுதான்.

"எப்பிடி இரிக்கி?"

"நல்லாத் தெரியிது காக்கா. கீறல் ஒண்டும் இல்ல."

"போனக் கேக்கல்ல தம்பி. கேமக் கேக்கன். ஒங்களுக்கு என்ன தோணுது?"

பெட்டிக்குள் பெய்கிற மழை வெளியே வர வழி தேடுகிறது போல இருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "அதென்ன, சொல்லுங்க கேப்பம்" என்றார். சின்னக் கேம்களை விளையாடிப் பார்த்துப் பேச அவர் ஒரு குழு வைத்திருந்தார்; அப்படித்தான் நான் அதில் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கடையின் பின்பக்கம் கூடுவோம். கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒருவர் புதிய கேம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் விளையாடிவிட்டு வந்து அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். பாலமுனையிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு தம்பி வருவார். மெதடிஸ்த கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிற டீச்சர் ஒருவர் வருவார். பிறகு நானும், ஏழாம் வகுப்பில் படிக்கிற என் மகளும். ஆங்கிலத்தை மகள்தான் எனக்கு வாசித்துச் சொல்வாள்.

போகப்போக அந்தக் குழு தூங்கத் தொடங்கியது. அவரவர் முறைக்குக் கேமை அனுப்பினார்கள், யாரும் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, "நல்லம்" என்று ஒரு சொல் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாற வெள்ளியும் இப்பிடித்தான் எண்டா நான் இத மூடுறன். தேத்தண்ணி குடிக்கிறதுக்கு எதுக்கு ஒரு குழு? கடையில வேல கிடக்கு."

அடுத்த கிழமை என்னுடைய முறை. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து மகள் கேட்டாள்:

"மூடிருவாரா வாப்பா?"

"மூடமாட்டார்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் விடமாட்டன்."

வீறாப்புக்காகச் சொன்னதல்ல. எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிற இடம் இந்த ஊரில் எனக்கு அது ஒன்றுதான். என் மகளுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தேன்.

தேடினேன். வேலை நடக்கிற வீடுகளில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணாடிச் சட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சுடுகிற கேம்கள் இருந்தன. ஓடுகிற, குதிக்கிற கேம்கள் இருந்தன. நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி விளையாடி ஒரே மாதிரி முடிக்கிற கேமில் கதைக்க என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் ஒரு ஆமை அகப்பட்டது. மலையிலிருக்கும் ஆமை கடலுக்குப் போக வேண்டும், அதுதான் கேம். மொழிகளின் வரிசையில் தமிழும் இருந்தது. தமிழைத் தொட்டதும் மூன்று சொற்கள் வந்தன: கதை, ஒலி, வெளியேறு.

"வாப்பா, கதை எண்டு இரிக்கி."

"அப்ப கதைப்பம்."

பேசு என்பதற்கு எங்கள் பக்கத்தில் கதை என்றுதான் சொல்வோம். அதை அழுத்தினேன். கல்லின் மேல் இருந்த ஆமை எங்களைப் பார்த்தது. உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. தொட்டேன், அசையவில்லை. தட்டினேன், இன்னும் உள்ளே போனது.

"கதைக்கத்தானே சொன்ன? கதைங்க வாப்பா."

"ஆமையோட என்னத்தக் கதைக்கிற?"

"முதல்ல ஸலாம் சொல்லுங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு ஸலாம் சொன்னேன். அன்றைக்குப் பொருத்திய ஜன்னல் ஒரு பக்கம் இறங்கி நிற்பதைச் சொன்னேன். மகள் தன் கணக்குப் பாடத்தைப் பற்றி முறையிட்டாள். மெல்லத் தலை வெளியே வந்தது. பிறகு ஒரு கால். ஆமை நடந்தது!

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஆரோட கதைக்கிற?" என்று கேட்டாள்.

"ஆமையோட."

"என்னோட கதைக்க நேரமில்ல. ஆமைக்கு நேரமிரிக்கி."

சொல்லிவிட்டு அவளும் வந்து உட்கார்ந்தாள். குழுவுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன்: "இது காது கேக்கிற ஆமை. கதை எண்டத அமத்திட்டுக் கதைங்க."

வெள்ளிக்கிழமை நாங்கள் போவதற்கு முன்பே எல்லாரும் வந்திருந்தார்கள். பாலமுனைத் தம்பி என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

"ஜன்னல் காக்கா, நான் ஆமைக்கு நல்லா ஏசினன். ஏசினாலும் வருது! நம்மட ஊர் ஆமைதான்."

"நான் பாட்டுப் படிச்சன்," என்றார் டீச்சர். "மெதுவாப் படிக்கப் படிக்க நடந்து போச்சு."

"பாட்டுக்குப் பயந்து ஓடியிரிக்கும் டீச்சர்."

கடைக்காரக் காக்கா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். தன் போனை நடுவில் வைத்து, "இப்ப ஆரும் கதைக்காதீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டோம். தலையை இழுத்திருந்த ஆமை, கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளியே வந்து நடந்தது.

"கதை எண்டா ஸ்டோரி. கதைக்கச் சொல்லல்ல. இதுக்குக் காதுமில்ல, ஒண்டுமில்ல. கைய எடுத்தா நடக்கும். ஆமையோட கதைக்க எனக்கென்ன விசரா? போன வெச்சிட்டுச் சோறு திங்கப் போனன். வந்து பாத்தா அடுத்த மலையில நிக்கிது."

கடை அதிர்ந்தது. "செவிட்டு ஆமைக்கு ஸலாம் சொன்ன மனிசன்!" என்று பாலமுனைத் தம்பி மேசையில் அடித்துச் சிரித்தார். என் முகம் சுட்டது. சிரித்து முடித்தால் எழும்பிப் போய்விடுவார்கள் என்பதும் தெரிந்தது. நான் விடவில்லை.

"செவிடாவே இரிக்கட்டும். மத்த நாட்டில விளையாடினவங்க என்ன எழுதியிரிக்காங்க எண்டு கேளுங்க. மகள், வாசிங்க."

இணையத்தில் அந்தக் கேமுக்குக் கீழே எழுதியிருந்ததை மகள் தமிழில் வாசித்தாள். ஆமை அசையவில்லை, கேம் பழுது என்று ஆளுக்கு ஆள் எழுதியிருந்தார்கள். எல்லாரும் தட்டித் தட்டிப் பார்த்தவர்கள்.

"அவங்களுக்கு வராத ஆமை நமக்கு வந்தது," என்றேன். "கதைச்சதாலதான் நம்மட கை சும்மா இருந்த. இப்ப சொல்லுங்க, செய்த ஆள் என்ன நினைச்சிச் செய்திரிக்கார்?"

"பொறுமையச் சொல்றார்," என்றார் டீச்சர்.

"பயத்தச் சொல்றார். ஆளக் கண்டா ஒளியிற மீன் இரிக்கி, எனக்குத் தெரியும்," என்றார் பாலமுனைத் தம்பி.

"ஒண்டும் சொல்லல்ல," என்றார் காக்கா. "கை படாட்டி நடக்கிற மாதிரிச் செய்து வெச்சிரிக்கார். அவ்வளவுதான்."

அப்போது என் மகள் சொன்னாள். மற்றவர்கள் எழுதியதை வாசிப்பதைத் தவிர அங்கே அவள் அதுவரை வாய் திறந்ததில்லை.

"மாமா, நீங்க சோறு திங்கப் போனீங்க. ஆமை நடந்ததப் பாக்கல்லயே. நடுவில அதுட முதுகில குருவி வந்து இருந்திச்சே, பாத்தீங்களா?"

"எந்தக் குருவி?"

"கதைச்சிக்கிட்டு இருந்த நாங்க எல்லாரும் பாத்தம்."

டீச்சர் ஓம் என்று தலையாட்டினார். காக்கா ஒருமுறை எங்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கேமை முதலிலிருந்து போட்டார்.

கதை என்ற அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லி, செய்த ஆளுக்கு எழுத வேண்டும் என்றார் டீச்சர். திருத்தினால் இங்கே யாரும் ஆமையோடு கதைக்க மாட்டார்கள், விடுங்கள் என்றேன் நான். பாலமுனைத் தம்பி இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதும் அந்த வாதம் முடிந்திருக்கவில்லை. குழுவை மூடுவதைப் பற்றி யாரும் பேச்சு எடுக்கவில்லை. பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்ற காக்கா, திரையில் விரலை வைத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருவியக் காணல்லயே. பொய் சொல்றயா புள்ள?"

"கைய எடுங்க மாமா!" என்று கத்தினாள் என் மகள்.