ஜெபமாலையின் இரண்டாம் பாதி

கோயில் உபதேசியார் சைக்கிளை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. விடிந்ததும் அவர் வீடு தேடி வந்தால் நல்ல சேதியாக இருக்காது. "பிலோமினா அக்கா ராத்திரி ஆஸ்பத்திரியில போயிட்டாங்க சார்" என்றார். கஷ்டப்பட்டாரா என்று கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் நம் கோயில் பங்கைச் சேர்ந்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூருக்குப் பேச டிரங்க் காலுக்குக் காத்திருப்பவர்களை அதட்டிப் பழகிய அந்தக் குரல் மைக் இல்லாமலே கோயிலின் கடைசிப் பெஞ்சுவரை கேட்கும். என் எதிர்வீட்டுக்காரர். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. பங்குத்தந்தை கேட்டதால் எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, வீடு வீடாகக் கொண்டுவரும்போது அந்தந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். முதல் பாதிக்கு நான் எப்போதும் முந்திக்கொள்வேன். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் இரண்டாம் பாதியில் 'இப்பொழுதும்' என்பதை அடுத்து வரும் 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற சொற்களுக்கு நான் பயந்தேன். வாயால் சொன்னால் அது முகவரி விசாரித்துக்கொண்டு வந்துவிடும் என்று தோன்றும். படித்தவன் இப்படிப் பயப்படலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பயம் போகாது.

அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார். சுரூபத்தோடு அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது, "இன்னா சார், வருஷா வருஷம் முதல் பாதியையே புடிச்சுக்கறீங்க? ரெண்டாவது கசக்குதா?" என்றார். நான் செருப்பைப் பார்த்தபடி நடந்தேன். "எங்க எக்ஸ்சேஞ்ச்லயும் இப்படித்தான். புடிக்காத கால் வந்தா பக்கத்து சீட்டுக்குத் தள்ளி வுட்டுடுவாங்க" என்று சிரித்தார். பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு என் மனைவி தெரேசாவுக்கு இதய வால்வில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. பிழைப்பாள் என்று மருத்துவர் உறுதி தரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முந்தின நாளே அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அறுவைச் சிகிச்சை அன்று காலை மின்சார ரயிலில் அக்கா என்னோடு வந்தார். எக்ஸ்ரே இருக்கிறதா, ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று நான் பையைத் திறந்து திறந்து பார்த்தேன். பல்லாவரம் தாண்டியதும் அவர் அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எக்ஸ்ரேவுக்குக் கால் முளைக்காது. சும்மா உக்காருங்க சார்."

தெரேசாவை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவர்தான். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முதல் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டார். பதில் சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. 'இப்பொழுதும்' வரை வந்தேன். கதவைப் பார்த்தேன். நாக்கு எழவில்லை.

அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்தப் பெரிய குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தெரேசா நல்லபடியா வந்துடுவான்னு நான் சொல்லமாட்டேன் சார். எனக்குத் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா 'என்'னு இல்ல பாருங்க, 'எங்கள்'னு இருக்கு. ஒத்தையில சொல்றதில்ல அது. மாதாகிட்ட சொல்லி வெச்சுட்டா, அந்த நேரத்துக்கு அவங்க வந்துடுவாங்க. நான் நம்பறது அவ்ளோதான்."

இருவரும் சேர்ந்து சொன்னோம். என் பயம் தீரவில்லை. அந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் கதவு திறந்துவிடுமோ என்று அதையே பார்த்தேன். கடைசியில் திறந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. மருத்துவர் தலையசைத்துச் சிரித்த பிறகும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.

நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பயம் இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்றும் அதனால்தான் நினைத்திருந்தேன். அந்த நடுங்கிய கையைத்தான் அக்காவின் நினைவாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். அவர் நேரத்துக்கு மாதா வந்திருப்பார். 'எங்கள் மரண நேரம்' என்பதில் இனி தெரேசாவுடையதும் என்னுடையதும் பாக்கி. யாருடையது முதலில் என்று நினைத்தால் இப்போதும் பயம்தான். ஜெபமாலையில் அந்தச் சொற்கள் வந்து என் குரல் இறங்கும்போது தெரேசா தன் குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறாள்.