வெறுங்கால் விடுமுறை

சிங்கப்பூரில் எங்கள் ஹாஸ்டல் தரையில் சோற்றைப் போட்டே சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் அதில் வெறுங்காலோடு நடந்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வந்த புதிதில் துணி துவைக்கும் அறைக்குச் செருப்பில்லாமல் போனேன். தரை துடைக்கும் சீன அம்மாள் என் காலையே பார்த்துவிட்டு, எங்கோ போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு வந்தார். என்னுடையது திருடு போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். கல்லும் முள்ளும் கிடக்கிற திருவண்ணாமலையில் ஜனங்கள் வெறுங்காலோடு மலையையே சுற்றி வருகிறார்கள் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? இரண்டே வருடத்தில் என் பாதம் பஞ்சாகிவிட்டது.

இங்கே யுனிவர்சிட்டியில் படிப்புப் பருவத்தின் நடுவில் ஒரு வாரம் லீவு விடுவார்கள். ரீசெஸ் வீக் என்று பெயர். லீவு விட்டால் நாமெல்லாம் தூங்குவோம். இவர்களுக்கு ஓய்வென்றால் உடம்பைப் போட்டு வருத்துவது. அந்த முறை பக்கத்து அறை வெய் மிங்கும் அவன் தோழி ஷேரனும் "உன் மலையைச் சுற்றலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். மலையைப் பற்றி அளந்து விட்டதெல்லாம் நான்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி என்றும் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் அப்பாவும் அம்மாவும் அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா கிரிவலப் பாதையோரம் சோடாக்கடை போடுவாள். முதல் வாரம் எல்லோரும் டாக்டர் மகன், வக்கீல் மகள் என்று சொன்னபோது என் வாயும் அப்படிப் போய்விட்டது.

அதனால் வீட்டுக்குச் சொல்லாமலே ஊருக்கு வந்தேன். ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்தோம். அப்பாவும் அம்மாவும் திருப்பதிக்குப் போயிருப்பதாகக் கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். சாத்தனூர் அணைக்குச் சைக்கிள் மிதித்தோம், மலைக்குகைகளுக்கு ஏறினோம். பிறந்த ஊரில் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு திருடன் மாதிரி திரிந்தேன். கடைசியாகக் கிரிவலம். அன்று பௌர்ணமி இல்லை, அம்மா கழனியில் இருப்பாள் என்று தைரியமாகத்தான் கிளம்பினேன். செருப்பு போடக்கூடாது, தொடங்கிவிட்டால் பாதியில் திரும்பக்கூடாது என்று நானே அவர்களுக்கு உபதேசமும் செய்தேன்.

அடி அண்ணாமலை வருவதற்குள் என் இரண்டு காலிலும் கொப்பளம். நொண்டிக்கொண்டே வளைவில் திரும்பினால் புளியமரத்தடியில் அம்மாவின் கடை. தினமும் ஜனம் வருகிறதென்று தினமும் கடை போட ஆரம்பித்திருக்கிறாள். போனில் என்னிடம் மூச்சுவிடவில்லை.

"திரும்பிவிடலாமா?" என்றேன்.

"பாதியில் திரும்பக்கூடாது என்றாயே" என்று சொல்லிவிட்டு ஷேரன் நேரே கடைக்குப் போய்விட்டாள்.

அம்மா நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்து, கூப்பிட வாயைத் திறந்தாள். நான் சட்டென்று முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தேன். மறுபடி அவளைப் பார்த்தபோது அவள் யாரோ கடைக்காரியாகியிருந்தாள்.

"வாங்க சார். எலுமிச்ச சோடாவா?"

அவர்கள் இருவருக்கும் உப்பையும் சர்க்கரையையும் காட்டி எது வேண்டும் என்று சைகையில் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. உப்புப் போட்டு நீட்டினாள்.

"எந்த ஊருங்க சார்?"

"சிங்கப்பூருங்க."

"அப்படிங்களா? எம் பையனும் அங்கதான் படிக்கிறான். நல்லா படிக்கிறான்னு சொல்றாங்க."

"என்ன சொல்கிறார்?" என்று வெய் மிங் கேட்டான்.

"வெயில் ஜாஸ்தி என்கிறார்."

இவள் என் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. முதலில் கடையை நினைத்து வெட்கப்பட்டேன், பிறகு என்னை நினைத்து. சோடாவை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். கிளம்பும்போது அம்மா என் காலைப் பார்த்தாள்.

"தாரு சுடும். ஓரமா மண்ணுலயே நடங்க சார்."

கொஞ்ச தூரம் போனதும், "உப்பா சர்க்கரையா என்று உன்னை மட்டும் அவர் கேட்கவில்லையே?" என்றான் வெய் மிங். நான் நொண்டிக்கொண்டே வேகமாக நடந்தேன்.

சிங்கப்பூர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். ஹாஸ்டல் தாழ்வாரத்தில் அந்தச் சீன அம்மாள் தந்த செருப்போடு நின்றிருந்தேன். வார் உரசி உரசிக் கால் எரிந்தது. அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினாள். சாப்பிட்டேனா என்று கேட்டாள். கழனியில் நடவு முடிந்ததைச் சொன்னாள்.

"ஊருக்கு எப்பப்பா வர்ற?"

"தீபத்துக்கு வரேம்மா."

"வா, வா. நீ வந்துதான் ரெண்டு வருசம் ஆவுதே."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கால்ல கொப்பளம் அமுங்கிடுச்சாடா?"

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சுத்தமான தரையில் வெறுங்காலோடு நின்றேன். தரை ஜில்லென்று இருந்தது. அடி அண்ணாமலையில் சுட்ட கால் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.