பானைக்குள் இருந்து பார்த்த ஏரி

அந்த வருடம் நாமக்கோழிகள் ஐப்பசி அடைமழை விட்ட மறு வாரம் வந்தன. மாமனார் வீட்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். மன்மத வருடம், ஆங்கிலக் கணக்கில் ஐம்பத்தைந்து முடியும் காலம். முந்திய வருடமும் அதே வாரத்தில்தான் வந்திருந்தன. உடம்பு முழுக்கக் கருப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. பட்டை நாமம் போட்ட கூட்டம் ஒன்று பந்தி விசாரித்துக்கொண்டு வருவதுபோல ஏரியின் நடுவில் மிதந்து வரும்.

வேப்பனப்பள்ளிக்குத் தெற்கே, மூன்று பக்கம் மாந்தோப்பும் ஒரு பக்கம் கரையுமாக இருந்தது அந்த ஏரி. நான் அந்த ஊர்க்காரன் அல்ல. வீட்டோடு இருக்க வந்த மருமகன். ஒரே பெண் உள்ள வீடுகளில் மருமகனைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். தெலுங்கு பேசும் குடும்பங்களில் அதற்கு இல்லட்டம் என்று பெயர். தோப்பிலும் நிலத்திலும் மகனைப் போலப் பங்கு உண்டு. ஒப்புக்கொண்டுதான் வந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீன் குழம்பு வைத்தால் தலை எனக்குத்தான் வரும். நான் மண்வெட்டியைத் தொட்டால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். மாம்பூவுக்கு எப்போது மருந்தடிக்கலாம் என்று மாமனார் என்னிடம் யோசனை கேட்பார். பிறகு தாம் நினைத்திருந்த நாளில் அடிப்பார். என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார், ஆனால் என்னிடம் அவர் தமிழை விட்டு இறங்கியதே கிடையாது. இன்டர்மீடியட் படித்தவன் நான். காலையில் எழுந்து மறுநாள் காலை வரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கிருஷ்ணகிரிக்கு அந்தண்டைத் தென்பெண்ணையில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் கிருஷ்ணகிரியிலிருந்து வருவார். மாமனார் அவரைச் சாயபு என்பார், அவர் மாமனாரை அண்ணா என்பார். அணை வேலைக்குச் சாமான் தருகிறவர்கள் சிலர் அவருக்குச் சொந்தம். சிமெண்டுக் கிடங்கில் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்று ஆடி மாதம் அவரிடம் கேட்டிருந்தேன். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். ஆவணி போனது, தீபாவளி போனது, செய்தி வரவில்லை. வேறு யாரையோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி, கிடைத்தால் தானும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அதனால் எனக்கு ஏரிதான். மாமனார் பருத்தி நூலில் தாமே முடிந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்த நீளமான வலை ஒன்று வைத்திருந்தார். மதகுத் தூணிலிருந்து தண்ணீருக்குள் நின்ற பட்ட கருவேலமரம் வரை அதைக் கட்டுவோம். மிதவைக்குச் சிறிய மண்பானைகளை வாய் கவிழ்த்துக் கட்டியிருப்போம். விடியும்போது போய் நானும் அவரும் மீனை எடுப்போம். பேச்சு இருக்காது. அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நிம்மதியான நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் வலைக்குப் பானை கட்டுவதோடு நிற்காமல் சும்மாவும் சில பானைகளை ஏரியில் மிதக்கவிடுவார். பறவை பிடிக்கும் நாடோடிகள் எப்போதோ கரையில் கூடாரம் போட்டபோது அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலை. பானைகள் பல நாள் மிதக்கும். முதலில் மிரளும் பறவைகள் மெதுவாகப் பழகி, பிறகு அவற்றின் மேலேயே உட்காரும். அதன்பின் ஒருவன் கண்ணுக்குத் துளையிட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நடந்து போய், நாமக்கோழியின் காலைத் தண்ணீருக்கு அடியில் பிடித்து இழுப்பான். பக்கத்துக் கோழிக்குக்கூடத் தெரியாது. மாமனார் அப்படிப் பிடித்ததை நான் பார்த்ததில்லை. வயதாகிவிட்டது என்றார். பானைகளை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழி முதல் வலை கிழிய ஆரம்பித்தது. மீன்கள் பாதியும் துளையுமாகக் கிடந்தன. நீர்நாய் என்றார் மாமனார். கெண்டையின் விலாவில் இருந்த துளை கோணி ஊசியால் குத்தியது போல இருந்தது. பல் பட்ட இடமாகத் தெரியவில்லை. பறவையாக இருக்கும் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நீர்நாய்க்குக் கண்ணி வைக்க ஆள் தேடினார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பானைக்குள் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆணியால் துளை போட்டபோது ஒரு பானை விரிசல் விட்டது. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“இன்னொண்ண ஒடச்சிட்டு வராதீங்க. அப்பா எண்ணி வெச்சிருக்காரு” என்றாள்.

தை மாதத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் எலும்பைத் தொடும். காதை மடக்கித் தலையை நுழைத்தபோது பானை சரியாக உட்கார்ந்துவிட்டது. கருவேலமரத்துக்குப் பக்கத்தில், வலையை ஒட்டி, முகவாய் வரை தண்ணீரில் நின்றேன். கால் கெண்டைச்சதை வரை சேற்றில் இறங்கியது. உள்ளே என் மூச்சுத்தான் பெரிய சத்தமாகக் கேட்டது. துளை வழியாக உள்ளங்கை அகலத்துக்கு ஏரி தெரிந்தது.

கரையிலிருந்து நான் பார்த்து எழுதியதெல்லாம் பறவைகளின் முதுகு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு முக்குளிப்பான் என் மூக்குக்கு நேரே தண்ணீரிலிருந்து முளைத்தது. அதன் கண்ணில் பயமே இல்லை. அலகில் துடித்த சிறு மீனைத் திருப்பித் திருப்பி வசம் பார்த்து விழுங்கிவிட்டு, என்னைக் கல்லாக மதித்துத் திரும்பவும் மூழ்கியது. நாமக்கோழி ஒன்று பானையின் பாசியைக் கொத்தியது. அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. பிறகு தலைக்கு மேல் ஏதோ கனம் ஏறி உட்கார்ந்தது. எந்தப் பறவை என்று இன்றுவரை தெரியாது.

பாம்புத்தாரா வந்ததும் நான் தேடியது அதைத்தான் என்று புரிந்துவிட்டது. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள். வெளியே கழுத்து மட்டும், பாம்பு தலை தூக்கிப் போவது போல. வலைக்குப் பக்கத்தில் மூழ்கியது. தெளிந்த தண்ணீரில் அது கழுத்தை மடக்கி ஈட்டி எறிவதுபோல விட்டதைக் கண்ணால் கண்டேன். குத்திய கெண்டையோடு வலைக்கண்ணையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நீர்நாய் இல்லை.

அந்த நேரத்தில்தான் மதகுப் படியில் பேச்சுக் குரல் கேட்டது. மாமனாரும் வியாபாரியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் காதில் விழக்கூடாத பேச்சுக்கு மாமனார் மதகுக்குத்தான் வருவார். தண்ணீர் மேல் குரல் நன்றாக நடக்கும். பானைக்குள் அது இன்னும் தெளிவாக வந்தது. மூச்சை அடக்கினால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அண்ணா, எத்தன வாட்டிதான் வர்றது? ஆவணியில சொன்னன். தீவாளிக்கு முன்னாடி சொன்னன். மருமகப்புள்ளயக் கூப்டு ஒரு வார்த்த கேட்டீங்களா இல்லியா?”

“கேட்டனே. அவருக்கு இஷ்டமில்லியாம்.”

“இஷ்டமில்லாதவரா எங்கிட்ட வந்து கேட்டாரு?”

“அப்ப இருந்துச்சு. இப்ப ஏரி, கொக்குன்னு இருக்காரு. என்னிக்கி எந்தக் குருவி வந்துச்சுன்னு எழுதி வெக்கறாரு. சந்தோசமா இருக்காரு சாயபு, உடுங்க.”

குந்தாரப்பள்ளிச் சந்தையன்று அணைக்காரர்கள் வருவார்கள், அவர்களிடம் வேறு ஆளைச் சொல்லிவிடுகிறேன், இனி என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார் வியாபாரி. மாமனார் வெற்றிலை மடிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அவர் எதிரில் சில பானைகள் மிதந்தன. அவற்றில் ஒன்றில் நான் இருந்தேன். பறவைகளைப் பழக்க அவர் விட்ட பானைகள் அவருக்கும் பழகிப் போயிருந்தன.

வெளியே வந்து பேசியிருக்கலாம். அப்படித் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம். அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லை. அசைந்தால் பறவைகள் எழும்பும், எழும்பினால் அவர் பார்ப்பார், பார்த்தால் நான் ஒளிந்து கேட்டது போலாகிவிடும் என்றுதான் மனம் ஓடியது. என் வாழ்க்கையை ஒருவர் கரையில் உட்கார்ந்து பைசல் செய்துகொண்டிருந்தார். நான் அவருக்குத் தர்மசங்கடம் வரக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாம்புத்தாரா இரண்டாவது முறை மூழ்கியிருந்தது. இந்த முறை மேலே வரவில்லை. அலகும் கழுத்தும் வலைக்கண்ணில் நுழைந்து, முறுக்கிக்கொண்டு, இறக்கையால் அடித்து மேலும் முறுக்கியது. மிதவைப் பானைகள் இரண்டு குலுங்கின. கரையில் இருந்தவர்கள் பெரிய மீன் விழுந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு குலுங்கல் குறைந்தது. அதன் அலகிலிருந்து குமிழி வந்ததைப் பார்த்தேன்.

கால் தானாக நகர்ந்தது. சேறு விடவில்லை, அப்படியே முன்னால் விழுந்து வலையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். ஏரியில் இருந்த எல்லாப் பறவையும் ஒரே சமயம் எழுந்தது. நாமக்கோழிகள் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடிய சத்தத்தில் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பாம்புத்தாராவின் தலை வெளியே வந்ததும் மூச்சு வாங்கியது. வாங்கிய மறு கணம் என் முகத்தைக் குத்தியது. பானையில் பட்டது. ‘டக்’. வலையைக் கீழே விட்டால் அது செத்துப்போகும். பானையைக் கழற்றக் கை இல்லை. கழற்றினாலும் என் கண் போய்விடும். இடையிடையே அது குத்திக்கொண்டே இருந்தது.

வியாபாரிதான் முதலில் பேசினார். “அண்ணா, உங்க பானைக்குக் கை மொளச்சிருக்குது.”

“மாப்பிளயா?” என்றார் மாமனார்.

“ஆமாங்க மாமா.”

“அங்க இன்னா பண்றீங்க?”

“வலயக் கிழிக்கறது எதுன்னு பாக்க வந்தன்.” டக். “நீர்நாய் இல்லீங்க.”

“அத அப்புறம் பேசிக்குங்க” என்றார் வியாபாரி. “மாப்பிள, நான் சந்தைக்கிப் போற ஆளு. அணைக்கட்டுக்கு வரீங்களா, இல்லியா? ஒரே வார்த்த.”

“வரன்.”

பானைக்குள் என் குரல் எனக்கே வேறொருவருடையது போல இருந்தது. மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சொல் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். துளை வழியாக எனக்குத் தெரிந்தது வலையும் ஒரு மஞ்சள் கண்ணும் மட்டும்.

மாமனார் வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல் தண்ணீரில் இறங்கி வந்தார். மடியில் பாக்கு வெட்டும் சூரிக்கத்தி இருந்தது. பறவையின் கழுத்தைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு அறுக்க ஆரம்பித்தார். இரண்டு கோடைகாலம் உட்கார்ந்து அவரே முடிந்த வலை அது. அறுத்துக்கொண்டே, பானையைப் பார்த்துத்தான் சொன்னார்:

“நானா கேட்டிருந்தா, போகலன்னு எனக்காவச் சொல்லியிருப்பீங்க. மனசு இங்க இருக்காது. போறன்னு சொல்லியிருந்தா எம் பொண்ணும் போயிடும். எதக் கேக்கச் சொல்றீங்க?”

அறுக்க வசதியாக வலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். பானைக்குள் இருந்ததால் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அறுபட்டதும் பாம்புத்தாரா பறந்து போய்விடவில்லை. இறக்கை நனைந்திருந்தது. கருவேலமரத்துக் கிளையில் தொத்தி ஏறி, கழுத்தில் வலைத்துண்டு ஒன்று தொங்க, இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. மாமனார் என் தலையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி, காது கிழியாமல் பானையைச் சுழற்றி எடுத்தார். துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சின்னத் தொள போட்டிருக்கீங்க. இதுல இன்னா தெரியும்?” என்றார்.

சந்தையன்று வியாபாரியோடு போனேன். மாசி பிறந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டேன். கிடங்கு தகரக் கொட்டகை. பகல் முழுவதும் சிமெண்டுத் தூசி. சன்னலைத் திறந்தால் கருங்கல் ஜல்லிக் குவியல். முதல் சில மாதங்கள் ஏரியை நினைத்துக்கொண்டு அங்கே அடைந்து கிடந்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

அணையில் முதன்முதலாகத் தண்ணீர் நின்ற வருடம் மாமனார் பார்க்க வந்தார். நீர்க்காகங்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. நாமக்கோழிகள் இன்னும் வரவில்லை. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். வியாபாரி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மகளுக்கு உடம்பு இளைத்திருக்கிறது என்றார். பிறகு, பிள்ளைப்பேற்றுக்கு மகளைக் கூட்டிப்போவது பற்றிப் பேச வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். தண்ணீரில் யாரோ வலை கட்டியிருந்தார்கள். வரிசையாக மிதவைப் பானைகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அதுல யாராச்சும் இருக்காங்களா, மாப்பிள?”